வேன் கதவில் அரை மில்லி

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாராவது ஒரு வண்டியைச் செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தால், அதில் ஒரு குறையாவது சொல்லாமல் யாருக்கும் டீ கிடையாது. "நல்லா இருக்கு", "பிரமாதம்" என்பதெல்லாம் செல்லாது. குறை சொன்னவர் கைக்கு டம்ளர் வரும். கேட்டுக்கொண்டவர் அடுத்த மாதம் அந்தக் குறையைச் சரிசெய்து வர வேண்டும். சரிசெய்யாமல் வந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் வடை அவர் பொறுப்பு. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். எங்களுக்குக் குற்றம் பார்த்தால்தான் சுற்றம்.

வண்டி என்றால் ஏறி ஓட்டுகிற வண்டி இல்லை. நிஜக் காரை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிற மாதிரி வண்டி. கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டுகிறவர்கள் எங்களில் இரண்டு பேர் உண்டு. அவர்களை ஜமீன்தார்கள் என்று கேலி செய்வோம். மற்றவர்களுக்கு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் மிஞ்சுகிற சன் போர்டுத் துண்டுதான் இரும்புத் தகடு. மாத்திரை அட்டையின் குமிழ்தான் ஹெட்லைட். குடைக்கம்பிதான் அச்சு. டிங்கர் பட்டறையில் செய்வதைப் போலவே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயிண்ட் அடிப்போம். ஒரு அம்பாசிடர் முடிய நாலு மாதம் ஆகும். எதற்கு இந்த வேலை என்று கேட்டால் பதில் இல்லை. வாசலில் கோலம் போடுகிறவளிடம் யாராவது எதற்கு என்று கேட்கிறார்களா?

மொத்தம் ஒன்பது பேர். பெரம்பலூர்க்காரர்கள் நாலு, அரியலூர்ப் பக்கம் ஐந்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுவாச்சூரில் கூடுவோம். எங்களில் ஒருவருக்கு அங்கே மெஸ் இருக்கிறது. ஊர்க் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸின் மாடியில் ஈ, காக்காய் இருக்காது. அரியலூர்க்காரர்கள் பெரம்பலூரில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும் என்று மாதா மாதம் புலம்புவார்கள். புலம்பிவிட்டு மாதா மாதம் வந்துவிடுவார்கள்.

ஒன்பது பேரில் பெண் நான் ஒருத்திதான். பெரம்பலூரில் பல்செட் கட்டுகிற லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் கட்டிக் கொடுப்பேன். பல்லுக்கு அளவெடுக்கிற சிலிக்கான் மாவில் அச்சு எடுத்து ஒரு நாள் விளையாட்டாக ஒரு டயர் வார்த்தேன். அதிலிருந்து பிடித்தது இந்தக் கிறுக்கு. இன்று எங்கள் கூட்டத்தில் ஓடாமல் நிற்கிற அத்தனை வண்டிக்கும் டயர் என் லேபில் வார்த்ததுதான்.

இருபத்து மூன்று வருடமாகப் பல் பார்த்த கண் இது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தலைமுடி அளவு விலகினாலும் எனக்கு உறுத்தும். ஆகவே குறை சொல்வதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. மேசையில் வண்டி வந்த அரை நிமிடத்தில் என் கையில் டீ இருக்கும். மற்றவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தவிப்பதைப் பார்த்துக்கொண்டே குடிப்பேன். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் சொல்வார், "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுற. உன் வாயைத்தான் கட்ட ஆள் இல்ல."

லாரித் தம்பியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

அவர் வரதராஜன்பேட்டைக்காரர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். நாற்பது வயது இருக்கும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் கூட்டத்திலேயே அதிகம் பேசாதவர், அதிகம் கற்றுக்கொண்டவரும் அவர்தான். எந்தக் குறை சொன்னாலும் "ஆமாங்க்கா" என்பார். அடுத்த மாதம் அந்தக் குறை இருந்த இடம் தெரியாது. முதல் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வடை வாங்கியதில்லை. முதலில் லாரிகளாகச் செய்துகொண்டிருந்தார். டிப்பரின் பின்பக்கம் படிகிற வெள்ளைப் புழுதியைக்கூட அப்படியே கொண்டுவந்துவிடுவார். அது எப்படி என்று கேட்டதற்கு, "நெசப் புழுதிதாங்க்கா. வண்டியிலேருந்து தொடைச்சு எடுத்தேன்" என்றார்.

இரண்டு வருடம் முன்பு தவக்காலத்தில் அவருடைய அக்கா இறந்துபோனார். நெஞ்சுவலி. கல்யாணம் செய்துகொள்ளாமல், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, தம்பியை வளர்த்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூட்டத்தில் ஏழு பேர் துக்கத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. அந்த வாரம் மூன்று பல்செட் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். பதினாறாம் நாள் ஆனது, மாதம் ஆனது. பிறகு போவதற்கே வெட்கமாகிவிட்டது. அவர் சிறுவாச்சூருக்கு மறுபடி வந்தபோது, "தம்பி, வர முடியல" என்றேன். "பரவாயில்லங்க்கா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு அவர் லாரி கொண்டுவரவில்லை. ஒரு ஆம்னி வேன் கொண்டுவந்தார். வெள்ளை வேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. மேசையில் வைத்ததும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அவ்வளவு நேர்த்தி. கூரைமேல் கேரியர், முன் கண்ணாடிக்குள் தொங்குகிற ஜெபமாலை, சீட்டில் சிவப்பு ரெக்ஸின். ஜமீன்தார்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குறை கிடைக்காமல் "ஜெபமாலையில மணி ஒண்ணு கம்மியோ?" என்று இழுத்தார்.

நான் இடது பக்கம் குனிந்து பார்த்தேன். ஆம்னிக்குப் பக்கத்துக் கதவு இழுத்து மூடுகிற கதவு. அது முழுக்க மூடவில்லை. முன்னோரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒரு இடைவெளி.

"தம்பி, எடது பக்கக் கதவு ஒட்டலையே. அரை மில்லி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. இப்படி ஒரு பல்செட்டு கட்டிக் குடுத்தா போட்டுக்கிட்டவரு முறுக்கு கடிக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு வேனை மெதுவாகத் திருப்பி, இடது பக்கம் தன்னைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார். "ஆமாங்க்கா" என்றார். "சரி பண்ணிடறேன்."

எனக்குத்தான் முதல் டீ. அன்றைக்கு டீ நன்றாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். அதே வேன், இடது பக்கம். கதவு மூடியிருந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடித்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி. கீழே, "கதவு சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் "இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு" என்று எழுதி, கைதட்டுகிற பொம்மை ஆறு போட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று ஒரு வரி இருந்தது.

கை பட்டிருக்கும் என்றார் ஒருவர். போன் மாற்றியிருப்பார் என்றார் இன்னொருவர். மறுபடி சேர்த்தோம். மறுபடி விலகினார். செப்டம்பரில் வரவில்லை. அக்டோபரிலும் வரவில்லை. போன் செய்தால், "ஷிஃப்ட் மாத்திட்டாங்க" என்று மெஸ்காரரிடம் சொன்னாராம். என் போனை எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டுப் பேர் வண்டியில் இருநூறு குறை சொல்லியிருக்கிறேன், யார் கோபித்துக்கொண்டார்கள்? அரை மில்லி சொன்னதற்கு இவ்வளவு முறுக்கா? ஆனால் மூன்று வருடமாக முறுக்கிக்கொள்ளாத மனுஷன். அதுதான் இடித்தது.

அக்டோபர் நடுவில் அரியலூரில் ஒரு கிளினிக்கில் பல்செட் கொடுத்துவிட்டு, எங்கள் கூட்டத்திலேயே இருக்கிற போட்டோ ஸ்டூடியோக்காரர் கடையில் ஏறினேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கல்லறைத் திருநாள் வருகிறது, அதற்கு நினைவு அட்டை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"யாரோடது தெரியுதுங்களா? லாரித் தம்பியோட அக்கா. நம்மள விட்டுட்டுப் போனாலும் வேலைய நம்மகிட்டதான் குடுத்திருக்காரு."

திரையில் ஒரு வெள்ளை வேன். பக்கத்து ஜன்னலில் ஐம்பது வயது அம்மா ஒருவர், மூக்குக் கண்ணாடி, வகிடெடுத்த நரைமுடி, யாரையோ திட்டிக்கொண்டே சிரிக்கிற முகம். தம்பிதான் எடுத்திருப்பார். படம் எடுக்கிறவரைத் திட்டுகிற சிரிப்பு அது.

"வேனை மொத்தமா அழிச்சிட்டு, பின்னாடி நீல வானம் போட்டுடுங்கன்னுட்டாரு" என்றார் ஸ்டூடியோக்காரர். "முகம் மட்டும் போதுமாம். வேன் ஒரு எடத்துலகூடத் தெரியக்கூடாதாம். நல்ல படங்க, கெடுக்கச் சொல்றாரு."

"ஏன்?"

"கேட்டேன். அந்த வேனைப் பாக்கவே பிடிக்கலன்னாரு. அவர்தான் முன்னே ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரே. பிள்ளைங்க, டீச்சர் எல்லாம் ஒரே வண்டியிலதான். அப்புறம் ஸ்கூலே பஸ் வாங்கிடுச்சு, இவரு லாரிக்குப் போயிட்டாரு. அக்காவை மட்டும் லீவு நாள்ல கூட்டிட்டுப் போவாரு. அவங்க போனதும் வேனை வித்துட்டாரு."

பேசிக்கொண்டே அவர் படத்தைப் பெரிதாக்கினார். ஜன்னலுக்குக் கீழே, கதவின் முன்னோரத்தில் ஏதோ சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது. "இது என்னமோ தெரியல, முதல்ல இதை அழிச்சிடறேன்" என்றார்.

இன்னும் பெரிதாக்கினார். அது ஒரு விரல் நுனி. நகத்தில் சிவப்பு மைக் கறை. பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சர் விரல். உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா, மூடாத கதவின் இடைவெளியில் ஆட்காட்டி விரலை விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலையே அளவுதான். மனம் தானாகக் கணக்குப் போட்டது. அரை மில்லி. இருபத்து நாலால் பெருக்கினால் பன்னிரண்டு மில்லி. பெண்பிள்ளை விரலின் கனம்.

நான் என் விரலைப் பார்த்தேன். பிறகு, "அழிக்காதீங்க" என்றேன். "நான் சொல்ற வரைக்கும் எதையும் அழிக்காதீங்க."

அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. "போன வருஷமே போயிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதுதான் வலித்தது. ஊரார் வண்டியில் கதவு ஒட்டவில்லை, கண்ணாடி கோணல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, தன் குறையைச் சொல்ல ஒரு மேசை இல்லாமல் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். லேபில் பல்லைத் தேய்க்கிற கைமோட்டார், அதற்கு மாட்டுகிற காகிதம் போல மெல்லிய வெட்டுத்தட்டு, அரை மில்லிக் கம்பி ஒரு துண்டு, எல்லாவற்றையும் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து ஜெயங்கொண்டம், அங்கே ஒரு டவுன் பஸ். முந்திரிக் காடுகள் தாண்டி இறங்கியபோது பத்து மணி. பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டுகிறவர் வீடு என்று கேட்டதற்கு ஒரு பெண், "டீச்சர் வூடுங்களா?" என்று திருப்பிக் கேட்டு வழி காட்டினார்.

அவர் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார். "வாங்கக்கா" என்றார். அவ்வளவுதான். அவருடைய மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே சுவரில் டீச்சரின் படம், மாலையோடு. அதற்குக் கீழே ஒரு சின்ன மேசை. மேசையில் மெழுகுவர்த்தித் தட்டு மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.

படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்றரை வருடம் தள்ளிப்போட்ட அழுகை அங்கே வந்தது. நான் பார்த்தே இராத மனுஷிக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. தம்பி சும்மா பக்கத்தில் நின்றார்.

"ஸ்டூடியோவுல படம் பாத்தேன் தம்பி" என்றேன். "விரல் தெரிஞ்சுது."

அவர் படத்தின் மாலையைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்.

"அந்தக் கதவு வாங்கும்போதே அப்படித்தாங்க்கா. உருளை தேஞ்சு போயிருந்துச்சு. முழுசா சாத்தாது. வண்டி நிறைய பிள்ளைங்க. அக்கா அந்தக் கதவோரத்துலதான் உக்காரும். சந்துல விரலை விட்டுக்கிட்டே வரும். கதவு நகந்தா முதல்ல என் விரலுக்குத்தான்டா தெரியும்னு சொல்லும். டெய்லி சொல்லும், கதவைச் சரி பண்ணுடா, கதவைச் சரி பண்ணுடான்னு. அடுத்த மாசம் பண்ணிடறேங்க்கான்னு சொல்லுவேன். பன்னெண்டு வருஷம். ஒரு மாசமும் பண்ணல."

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க ஏறுறது நின்ன பிறகும், தனியா வந்தாலும் அதே எடம்தான். அதே விரல்தான். பழகிடுச்சு. அதான் கல்லறைத் திருநாளுக்கு அந்த வேனைச் செஞ்சு படத்துக்குக் கீழ வெக்கலாம்னு நெனச்சேன். சந்தோட செஞ்சேன். நீங்க சொன்னீங்க, ஒட்டலன்னு. சட்டம்னா சட்டம்தானே, பண்ணிட்டேன். முடிச்சுட்டுப் பாக்குறேன்..." நிறுத்தினார். "அவங்க பன்னெண்டு வருஷம் சொல்லிச் செய்யாதத நீங்க ஒரு தடவை சொன்னதும் பத்து நாள்ல செஞ்சுட்டேங்க்கா."

என்னிடம் கோபம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் கோபம் என்மேல் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

பையைத் திறந்து கைமோட்டாரை எடுத்து வைத்தேன். "வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"அதான் தெரியலங்க்கா. அவங்க கேட்டது மூடின கதவுதான். இப்ப மூடியாச்சு. மறுபடி தெறந்தா, மறுபடியும் பண்ணாத மாதிரி ஆயிடுமே."

பல்லாக இருந்தால் வெட்டலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவேன். மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவிதான் சமையலறை வாசலிலிருந்து சொன்னார்.

"மூடிட்டா அவங்க விரலை எங்க வெப்பாங்க?"

தம்பி எழுந்து உள்ளே போனார். பீரோவின் மேலிருந்து ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை இறக்கி, துணி விலக்கி, வேனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நல்ல வேலை. என்னாலேயே இப்படி மூடியிருக்க முடியாது. உள்ளே ஒரு பட்டை கொடுத்து ஒட்டி, சந்து முழுக்கப் பட்டி நிரப்பியிருந்தார். அவர் வேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மோட்டாரை மிக மெதுவாக ஓடவிட்டேன். சன் போர்டு சூடானால் உருகிவிடும். ஒரு இழுப்பு, நிறுத்தி ஊதி, இன்னொரு இழுப்பு. வெள்ளைத் தூள் அவர் விரல்களில் விழுந்தது. லாரியில் படிகிற சுண்ணாம்புத் தூள் மாதிரியே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே பாதி தூரம் வந்தபோது மின்சாரம் போய்விட்டது. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வேனை அவர் மேசையில் வைக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்தது. மறுபடி தொடங்கியபோது கை கொஞ்சம் அவசரப்பட்டது. அடியில் வெட்டுத்தட்டு வழுக்கி, பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தது.

இருபத்து மூன்று வருடத்தில் இப்படி வழுக்கியதில்லை. ஒன்றும் சொல்லாமல் மீதியை முடித்தேன். உள்பட்டையை நறுக்கி எடுத்ததும் கதவு லேசாக அசைந்து பழைய இடத்துக்கு வந்தது. அரை மில்லிக் கம்பியை அளவு பார்க்க நீட்டினேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவரே சந்தில் விட்டார். சரியாக நின்றது. விட்டவர் உடனே எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், ஒரு நிமிடம் இருக்கும்.

பிறகு வேனைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியில ஒரு கீறல் விழுந்திருக்குங்க்கா" என்றார். மனைவி பக்கம் திரும்பி, "குறை சொல்லியாச்சு. டீ போடு" என்றார்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். சட்டம் அங்கேயும் வந்துவிட்டது.

கிளம்பும்போது பேசாமல் பையைத் தூக்கினேன். துக்கத்துக்கு வந்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. தம்பிக்குப் புரிந்துவிட்டது. "நீங்க வேலைக்குத்தானக்கா வந்தீங்க. சொல்லிட்டே போங்க" என்றார். "போயிட்டு வரேன் தம்பி" என்றேன். பஸ்ஸில் ஏறியதும் ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தேன். தம்பி முன்பே பேசியிருந்தார். நீல வானம் வேண்டாமாம்.

கல்லறைத் திருநாள் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சிறுவாச்சூர் மாடியில் அவர் வந்து நின்றார். யாரும் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. துணியை விலக்கி வேனை மேசையில் வைத்தார். மற்றவர்களுக்கு ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்திருக்க வேண்டும். ஏழு பேரும் வேனைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். மெஸ்காரர் டீ கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாருக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கு முதல் தடவையாக எங்கள் சட்டம் முறிந்திருக்கும். எல்லோரும் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் தனியாக நின்றிருப்பார்.

நான் குனிந்து இடது பக்கம் பார்த்தேன்.

"தம்பி, கதவு ஒட்டலையே" என்றேன்.

ஸ்டூடியோக்காரர் என்னை முறைத்தார். ஜமீன்தார் ஒருவர் "அக்கா" என்று என் கையைப் பிடித்தார். தம்பி என்னையே பார்த்தார். அவர் முகத்தில் எதுவோ இளகியது. நான் அதற்கு முன் கேட்டிராத ஒரு குரல், சோம்பேறித்தனமும் செல்லமும் கலந்த குரல், வீட்டில் அக்காவிடம் பேசுகிற தம்பியின் குரல், அதில் சொன்னார்:

"அடுத்த மாசம் பண்ணிடறேங்க்கா."

மெஸ்காரர் எனக்கு டீ ஊற்றினார். அது நவம்பர். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அவர் புதிதாக ஒரு டிப்பரும் ஒரு ஜீப்பும் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் படத்துக்குக் கீழிருந்து அந்த வேனையும் எடுத்துக்கொண்டு வருகிறார். நான் கதவு ஒட்டவில்லை என்று சொல்வேன். அவர் அடுத்த மாதம் என்பார். ஆகவே மாதா மாதம் வடை அவர் பொறுப்புதான். பெரம்பலூரில் பஸ் மாறும்போதே பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.